புதிய விறகு அடுப்பைப் பழக்கும் முதல் மூன்று தீ

வாசகியின் கேள்வி: ஒன்ராறியோவில் லின்ட்சே நகருக்கு அருகே உள்ள கிராமம் ஒன்றில் வசிக்கிறோம். 2025 மார்ச் இறுதியில் வந்த உறைமழையில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் குளிரில் நடுங்கியதால், இந்த இலையுதிர் காலத்தில் வரவேற்பறையில் விறகு அடுப்பொன்றைப் பொருத்துவித்தோம். அது உருக்கு உடலும் வார்ப்பிரும்புக் கதவும் கொண்டது. பொருத்தியவர், "முதலில் சின்னச் சின்னதாக எரித்துப் பழக்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து முறை சிறிய தீ மூட்டிவிட்டோம். ஆனாலும் பெயின்ட் கருகும் நெடி போகவில்லை. நெடியை வெளியேற்றச் சமையலறையின் ஹூட் ஃபேனைப் போட்டபோது, அடுப்பிலிருந்து புகை அறைக்குள் கொட்டி அலாரம் அலறியது. கதவின் கீழே நீர் சொட்டியது. உள்ளே ஒரு செங்கல்லில் மயிரிழை போல விரிசல் தெரிகிறது. முதல் நாளே மாமி ஆசையோடு பால் பாத்திரத்தை மேலே வைத்ததில், பாத்திரத்தின் வட்டம் கறுப்புப் பூச்சில் அப்படியே பதிந்துவிட்டது. தோசைக்கல்லைப் பழக்குவது போல நல்லெண்ணெய் பூசி எரித்தால் சரியாகும் என்கிறார். வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் ஒரு கிளியும் உண்டு. அடுப்பு பழுதானதா? தொடர்ந்து எரிக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தில் உள்ள நெடி, நீர், விரிசல், பாத்திர வட்டம் ஆகிய நான்கும் புதிய அடுப்பு வைத்த வீடுகளில் நான் ஆண்டுதோறும் கேட்பவை. அவற்றுள் எதுவும் அடுப்பின் பழுது அன்று. ஆனால் ஹூட் ஃபேனைப் போட்டபோது நடந்தது அப்படிப்பட்டதன்று. அது உண்மையான ஆபத்து. அது ஏன் நிகழ்ந்தது என்பதைத் தாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்ளும் வரை அடுத்த தீயை மூட்ட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மாமி "பழக்குதல்" என்ற சொல்லைப் பிடித்திருப்பது சரியே. ஊரில் புதிதாகப் போட்ட மண் அடுப்பில் அன்றைக்கே யாரும் உலை வைப்பதில்லை. நிழலில் உலரவிட்டு, மெழுகி, பின்பு சுள்ளியும் பன்னாடையுமாகச் சிறுதீ காட்டிய பிறகே பெரிய கொள்ளியைத் தள்ளுவார்கள். ஈரம் உள்ளே இருக்கும்போதே பெருந்தீ பட்டால் மண் வெடித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே காரணம் தங்கள் அடுப்பின் உட்சுவருக்கும் பொருந்தும். எண்ணெய்தான் பொருந்தாது. தோசைக்கல் பூச்சில்லாத இரும்பு. அதில் எண்ணெய் காய்ந்து படலமாகிப் பிடித்துக்கொள்வதே அதன் பழக்கம். தங்கள் அடுப்பின் மேல் ஏற்கெனவே வெப்பம் தாங்கும் பூச்சு இருக்கிறது. அதன்மேல் பூசும் எண்ணெய் புகைந்து, பிசுபிசுத்து, பூச்சு இறுகுவதைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஆகவே நல்லெண்ணெயைத் தோசைக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புதிய அடுப்பைப் பழக்கும்போது உள்ளே மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தீச்செங்கற்களும் சில அடுப்புகளில் அவற்றுக்குப் பதிலாக வரும் வேர்மிகியூலைட் பலகைகளும் கிடங்கிலும் லொறியிலும் கிடந்த காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். உருக்குத் தகடும் வார்ப்பிரும்புக் கதவும் முதன்முறையாகச் சூட்டில் விரிந்து, ஆறுகையில் சுருங்கி, ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு திடீர் வெப்பத்தைப் பொறுப்பதில்லை. மூன்றாவது, தங்களை இவ்வளவு வருத்தும் பூச்சு.

அந்தப் பூச்சு சுவருக்கு அடிக்கும் பெயின்ட் அன்று. சிலிக்கோன் பிசினில் நிறப்பொடியைக் குழைத்துச் செய்தது. தொழிற்சாலையில் அது காய்ந்துதான் வருகிறது. ஆனால் காய்வது வேறு, இறுகுவது வேறு. இறுகும் வேலையை அடுப்பின் சொந்தச் சூட்டுக்கே விட்டுவிடுகிறார்கள். வெப்பம் ஏறும்போது பூச்சு முதலில் இளகும்; பிறகு பிசினில் உள்ள கரிமப் பகுதி சிதைந்து நெடியும் மெல்லிய புகையுமாக வெளியேறும்; எஞ்சிய சிலிக்கா நிறப்பொடியை உலோகத்தோடு கெட்டியாகப் பிணைத்துவிடும். இளகியிருந்த நேரத்தில் பாத்திரம் அமர்ந்ததால்தான் மாமியின் பால் வட்டம் பதிந்தது. விரலால் தொட்டிருந்தால் விரல் ரேகையே பதிந்திருக்கும்.

ஐந்து தீக்குப் பிறகும் நெடி ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பூச்சு எந்தச் சூட்டைக் கண்டதோ அந்தச் சூட்டுக்கு உரிய அளவுக்கே இறுகும். ஐந்து முறையும் தாங்கள் சிறிய தீயையே மூட்டியதால், அடுப்பு ஒரே படியில் ஐந்து முறை ஏறி இறங்கியிருக்கிறது. அடுத்த படியை அது இன்னும் பார்க்கவில்லை. முன் கண்டிராத சூட்டை அடுப்பு எட்டும் ஒவ்வொரு முறையும் நெடி புதிதாகக் கிளம்பும். பொருத்தியவர் சொன்னது தவறன்று, பாதியோடு நின்றுவிட்டது. படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதே மீதிப் பாதி. பின்புறமும் அடிப்புறமும் மேற்றட்டை விட மெதுவாகவே சூடேறும் என்பதால், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும்போது ஜனவரி மாதத்தின் கடுங்குளிர் இரவொன்றில், வழக்கத்தை விட அதிக விறகு போட்டு எரிக்கையில், பழைய நெடி சிறிது தலைகாட்டினாலும் வியப்பில்லை.

இனி ஹூட் ஃபேன். நம்மவர் வீடுகளில் மீன் பொரிப்பதற்கும் மிளகாய் வறுப்பதற்கும் ஈடுகொடுக்கும் அளவுக்கு வலுவான ஹூட் ஃபேனையே வாங்குகிறோம்; அது நிமிடத்துக்குப் பல நூறு கன அடிக் காற்றை வெளியே தள்ளும். வெளியே போன அளவுக்கு உள்ளே காற்று வந்தாக வேண்டும். ஜன்னல்கள் இறுக மூடிய இக்கால வீட்டில் அந்தக் காற்றுக்கு அகலமாகத் திறந்து கிடக்கும் வழி தங்கள் புகைபோக்கிதான். நெருப்பு சிறிதாகவும் குழாய் குளிர்ந்தும் இருக்கும் முதல் தீயில் புகைபோக்கியின் இழுவை மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போது ஃபேன் வென்றுவிடும், மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பும். புகையோடு வருவது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மொனொக்சைட் வாயு. ஆகவே அடுப்பு எரியும்போது ஹூட் ஃபேன், குளியலறை ஃபேன், துணி உலர்த்தி ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். பழக்கும் நாட்களுக்கு மட்டுமான விதியன்று இது. அடுப்பு வலுவாக எரியத் தொடங்கும் வரை எந்த நாளிலும் இதையே கடைப்பிடியுங்கள். பிறகும் சமையலுக்கு ஃபேன் வேண்டுமென்றால், பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்துகொண்டே போடுங்கள்.

நெடியைப் போக்க ஜன்னலைத்தான் திறக்க வேண்டும். எந்த ஜன்னலை என்பதும் முக்கியம். அடுப்பு இருக்கும் அதே தளத்தில், காற்று வீசும் பக்கத்து ஜன்னல்களைத் திறவுங்கள். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் சூடான காற்று அதன் வழியே ஏறிப்போய், வீடே ஒரு புகைக்கூடாக மாறி, உண்மையான புகைக்கூட்டோடு போட்டி போடும். அறைக்குள் காற்றைக் கலக்குவதற்கு மேசை மின்விசிறி ஒன்றை ஓடவிடலாம். ஆனால் அதை ஜன்னலில் வைத்து வெளிப்பக்கம் ஊதவிடாதீர்கள், அதுவும் இன்னொரு ஹூட் ஃபேன்தான்.

அலாரம் அலறியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த அலாரம் என்று எழுதவில்லை. புகை அலாரம் பொதுவாக மும்மூன்று ஒலிகளாகவும், கார்பன் மொனொக்சைட் அலாரம் நந்நான்கு ஒலிகளாகவும் அடிக்கும். பூச்சின் புகைக்குப் புகை அலாரம் அடிப்பது இயல்பு. ஜன்னலைத் திறந்து காத்திருந்தால் அடங்கிவிடும். நான்கு ஒலி கேட்டால் "பெயின்ட் நெடிதானே" என்று காரணம் தேடிக்கொண்டிருக்காமல், எல்லோரும் வெளியேறி 911 ஐ அழைக்க வேண்டும். எரிபொருள் எரியும் சாதனம் உள்ள வீட்டில், படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். 2026 ஜனவரி முதல், அடுப்பு உள்ள தளம் உட்பட வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. சத்தம் தாங்காமல் பற்றரியைக் கழற்றி வைத்து, பிறகு மறந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

குழந்தையும் கிளியும் மூன்று தீயும் முடியும் வரை வீட்டில் இருக்கக் கூடாது. பறவைகளின் சுவாச அமைப்பு மனிதருடையதை விடப் பன்மடங்கு நுட்பமானது. நமக்கு வெறும் நெடியாக இருப்பது அதன் உயிருக்கே உலை வைக்கலாம். வேறு அறையில் கதவைச் சாத்தி வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். குழந்தையோடும் கிளிக்கூண்டோடும் மாமியை ஸ்காபறோவிலோ வேறெங்கோ உள்ள உறவினர் வீட்டுக்கு ஒரு சனி, ஞாயிறு அனுப்பிவைத்துவிட்டு, தாங்களும் கணவருமாக இருந்து இந்த வேலையை முடிப்பதே நல்லது. கடுங்குளிர் தொடங்கும் முன்பே, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் நடுங்காத ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள்.

தொடங்கும் முன் பால் வட்டத்தைச் சரிசெய்துவிடுவது புத்திசாலித்தனம்; இல்லையேல் எல்லாம் முடிந்த பிறகு அதற்காக மீண்டும் ஒருமுறை நெடியைப் பொறுக்க வேண்டிவரும். அடுப்பு முற்றிலும் ஆறியிருக்கையில், மெல்லிய உப்புத்தாளால் அந்த இடத்தை இலேசாகத் தேய்த்து, தூசியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அதே உற்பத்தியாளரின் உயர்வெப்பத் தெளிபூச்சை மெல்லிய படலங்களாக அடியுங்கள். அந்தத் தெளிப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும். அருகில் எங்கும் நெருப்பு இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு நாளாவது உலரவிடுங்கள். அந்த இடைவேளையில் கண்ணாடியிலும் உள்ளேயும் ஒட்டுத்தாள் எதுவும் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மேற்புறம் இருக்கும் தடுப்புத் தட்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஏற்றி இறக்குகையில் அது நகர்ந்துவிடுவதுண்டு. நகர்ந்திருந்தால் அடுப்பு என்றைக்கும் ஒழுங்காக எரியாது. காந்தத்தால் ஒட்டும் வெப்பமானி ஒன்றையும் வாங்கி மேற்றட்டில் வையுங்கள். அது இல்லாமல் "சிறிய தீ", "பெரிய தீ" என்பவை வெறும் ஊகமே. தங்கள் ஐந்து தீயும் வீணானதற்கு அதுவே காரணம்.

ஏற்கெனவே சிறிய தீ மூட்டியிருந்தாலும், புதிதாகப் பூச்சு அடிப்பதால் முதற்படியிலிருந்தே தொடங்குங்கள். அரை மணி நேரம்தான் செலவாகும். நான் கீழே தரும் வெப்ப அளவுகள் உருக்கு அடுப்புகளுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. தங்கள் அடுப்போடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால், நான் சொல்வதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

முதல் தீயில் பெரிய விறகே வேண்டாம். விரற்கடை தடிப்பில் பிளந்த சிராம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் சுருட்டிய செய்தித்தாளையோ மெழுகு கலந்த மூட்டியையோ வைத்து, மேலிருந்து கீழாக எரியவிடுங்கள். அடியில் மூட்டியே பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் தீ மேலே தொடங்கினால் குழாய் முதலில் சூடேறும், இழுவை உடனே பிடித்துக்கொள்ளும், புகையும் குறையும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒரு துளியும் கூடாது. காற்றுத் திறப்பை முழுவதும் திறந்து வையுங்கள். மேற்றட்டு ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை, அதாவது 250 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியதும், இருபது நிமிடம் போல அதே அளவில் வைத்திருந்து, பிறகு தானாக அணையவிடுங்கள். நீர் ஊற்றி அணைக்கவோ, காற்றை அடைத்துப் புகையவிடவோ வேண்டாம். அடுப்பு அறையின் வெப்பத்துக்கு முற்றிலும் ஆறிய பிறகே அடுத்த தீ. கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் அது இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் தீதான் தாங்கள் இதுவரை காணாதது. சிராம்போடு மணிக்கட்டுத் தடிப்பில் இரண்டு மூன்று விறகுகளைச் சேர்த்து, மேற்றட்டை மெல்ல மெல்ல 230 டிகிரி செல்சியஸ் (450 டிகிரி ஃபாரன்ஹீட்) வரை ஏற்றி, முக்கால் மணி நேரம் வைத்திருங்கள். நெடியும் புகையும் மிகுதியாக வருவது இப்போதுதான். அடுப்பின் மேனியிலிருந்தே மெல்லிய நீலப் புகை எழுவதைக் காண்பீர்கள். பயப்பட வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் வீட்டில் ஒருவர் மட்டும் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டு, மற்றவர் வெளியே உலாவலாம். எக்காரணத்தாலும் பூச்சைத் தொடவோ துடைக்கவோ கூடாது. பூச்சின் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படியும். அதைக் கையோடு துடைக்க முனையாமல், அடுப்பு ஆறிய பின் ஈரத்தாளில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

மூன்றாம் தீ, நாளை தாங்கள் குளிர்காய மூட்டப்போகும் உண்மையான தீ. உலர்ந்த முழு விறகுகளைப் போட்டு, 315 முதல் 340 டிகிரி செல்சியஸ் வரை (600 முதல் 650 டிகிரி ஃபாரன்ஹீட்) ஏற்றி, மீண்டும் முக்கால் மணி நேரம். பிறகு ஆறவிடுங்கள். இதற்குப் பிறகும் நெடி கனமாக இருந்தால், இதே அளவில் இன்னொரு தீ மூட்டலாம். சிறிய தீக்குத் திரும்பிப் போவதில் பயனில்லை.

கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதவின் உள்விளிம்பில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறு, இளகிய பூச்சின்மேல் அழுந்திக் கிடந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் கதவைத் திறக்கையில் பூச்சு பிய்ந்து வரும். ஆகவே முதல் இரண்டு தீயிலும் நெருப்பு தணலாகிவிட்ட பிறகு, கதவை ஒரு விரல் அளவு திறந்தபடி விட்டு, ஆறும் வரை அருகிலேயே இருங்கள். மூன்றும் முடிந்த பின் கதவின் இறுக்கத்தைச் சோதியுங்கள். பழைய கையேடுகள் ஒரு டாலர் தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கச் சொல்லும். இன்றைய கனடா டாலர் தாள் பிளாஸ்டிக்கில் ஆனது, வழுக்கும், சூட்டில் சுருண்டும்விடும். குளிர்ந்த அடுப்பில் சாதாரணக் காகிதத் துண்டையே பயன்படுத்துங்கள். இழுக்கையில் காகிதம் தடை கொடுக்க வேண்டும். சுளுவாக உருவிக்கொண்டு வந்தால், கதவுக் கொண்டியைச் சற்று இறுக்க வேண்டும் என்று பொருள்.

நீர் சொட்டியதற்கு ஈரமான செங்கல் ஒரு காரணம். விறகே இன்னொரு காரணம். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகு எரிந்தாலும் ஏறத்தாழ அரைக் கிலோ நீராவி உண்டாகும். விறகில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவதே அதற்குக் காரணம். குளிர்ந்த உருக்கைத் தொடும்போது அந்த ஆவி பனித்துச் சொட்டுகிறது. அடுப்பு சூடேறினால் நின்றுவிடும். சொட்டியது தெளிந்த நீராக இருந்தால் கவலையில்லை. கரும்பழுப்பு நிறத்தில், தார் வாடையோடு, புகைக் குழாயின் பொருத்துகளுக்கு வெளியே வழிந்தால் அது வேறு கதை. குழாய்த் துண்டுகளின் நெளிந்த முனை எப்போதும் அடுப்பை நோக்கிக் கீழே செருகப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் எது வழிந்தாலும் உள்ளேயே அடுப்புக்குள் திரும்பும். தலைகீழாகச் செருகியிருந்தால் பொருத்தியவரை அழைத்துக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருத்திலும் மூன்று திருகாணிகள் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே எண்ணிவிடுங்கள்.

செங்கல்லின் மயிரிழை விரிசல் எந்த வேலையையும் கெடுக்காது. செங்கல் உதிர்ந்து, பின்னாலுள்ள உருக்குத் தெரியத் தொடங்கும்போது மாற்றினால் போதும். அடுப்பு சூடேறுகையிலும் ஆறுகையிலும் டிக், டிக் என்று கேட்கும் ஒலியும் தகடு விரிந்து சுருங்கும் ஒலிதான்.

விறகைப் பற்றித் தாங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. இலையுதிர் காலத்தில் "உலர்ந்த விறகு" என்று சொல்லி லொறியில் கொண்டுவந்து கொட்டப்படுவதில் ஒரு பங்கு அந்த ஆண்டு வசந்தத்தில் வெட்டியதாகவே இருக்கும். ஓக் மரம் உலர இரண்டு ஆண்டுகளாவது வேண்டும். மேப்பிளுக்கு, பிளந்து காற்றோட்டமாக அடுக்கியிருந்தால், ஓராண்டு. எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு அரித்துக் கொன்ற ஆஷ் மரங்கள் நம் பகுதியில் ஏராளம்; நின்றபடியே காய்ந்திருக்கும் என்பதால் அவை வேகமாகத் தயாராகிவிடும், ஆனால் பட்டுப்போன மரம் எல்லாமே உலர்ந்த மரம் அன்று. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரமானியை வாங்கி, ஒரு விறகைப் புதிதாகப் பிளந்து, அந்தப் புதிய முகத்தின் நடுவே நார் ஓடும் திசையில் ஊசிகளைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். வெளிமுகத்தில் குத்தினால் பச்சை விறகும் காய்ந்ததாகவே காட்டும். ஈரவிறகை வைத்துக்கொண்டு மேற்சொன்ன மூன்றாம் தீயின் சூட்டை எட்டவே முடியாது. தங்கள் ஐந்து தீயும் சிறிதாகவே முடிந்ததற்கு விறகும் காரணமாக இருக்கக்கூடும். பூச்சு அடித்த பலகை, அழுத்தத்தில் மருந்தூட்டிய மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றை எந்தத் தீயிலும் போடாதீர்கள்.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது முதல் மூன்று தீ அன்று. அவற்றுக்குப் பின் வரும் பழக்கம். "சின்னதாக எரியுங்கள்" என்று முதல் நாள் கேட்ட அறிவுரை மனத்தில் நிலைத்துப்போய், புதிய அடுப்பைப் பார்த்துப் பார்த்துக் காக்கும் எண்ணத்தில், குளிர்காலம் முழுவதும் காற்றை அடைத்துப் புகையவிட்டே எரிக்கும் குடும்பங்கள் பல. அப்படிப் புகையும் விறகின் எரியாத ஆவி குளிர்ந்த குழாயின் உட்சுவரில் கிரியோசோட் என்னும் கருந்தாராகப் படிகிறது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, ஒருநாள் தற்செயலாகப் பெருந்தீ மூட்டும்போது அந்தத் தார் பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள் 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும் நெருப்பு உறுமும். பழக்கும் நாட்களின் சிறுதீ ஒரு விதிவிலக்கு. பழகிய அடுப்புக்குத் துடிப்பான தீயே வேண்டும். விறகு போட்டதும் காற்றை முழுவதும் திறந்து, விறகின் முகமெல்லாம் கருகித் தீ நன்றாகப் பற்றிய பிறகு, சிறிது சிறிதாகக் குறையுங்கள். தீநாக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி கறுத்துக்கொண்டே வந்தால், ஒன்று விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. இந்த முதற் குளிர்காலத்தில் நடுவில் ஒருமுறை, ஜனவரி அளவில், குழாயின் உட்புறத்தைப் பார்க்கச் செய்யுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறையேனும் துப்புரவு செய்வித்தால் போதும்.

சாம்பலைப் பற்றிச் சுருக்கமாக: மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வாளியை வீட்டுக்கு வெளியே, மரத்தாலான தளத்தில் அல்லாமல் வெறுந்தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் தணல் பல நாட்கள் உயிரோடு இருக்கும்.

அடுப்புக்கு நகராட்சியின் கட்டட அனுமதி பெற்றிருக்கிறீர்களா, வெட் (WETT) என்னும் விறகு அடுப்புத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்ற பரிசோதகர் பார்த்தாரா, வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தீர்களா என்பதையும் எழுதவில்லை. மூன்றில் எது விடுபட்டிருந்தாலும் இந்த வாரமே செய்துவிடுங்கள். அறிவிக்காத அடுப்பால் வரும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பரிசோதகர் வரும்போது, அடுப்பின் கதவுக்கு முன்னே எரியாத தரை 450 மில்லிமீற்றரும், மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீற்றரும் இருக்கிறதா என்று அளப்பார். தாங்களே முன்கூட்டி அளந்து வைத்திருக்கலாம்.

மாமியின் ஆசை நிறைவேறாமல் போக வேண்டியதில்லை. மூன்று தீயும் முடிந்து அடுப்பு முற்றிலும் ஆறி, நான்காவதாக மூட்டும் தீயில் பால் காய்ச்சலாம். பாத்திரத்தை நேராகப் பூச்சின்மேல் வைக்காமல் வார்ப்பிரும்புத் தாங்கி ஒன்றின்மேல் வையுங்கள். குடிபூரலில் பால் பொங்கி வழிவதுதான் மங்கலம் என்பதை நான் அறிவேன். ஆனால் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் மேற்றட்டில் வழிந்த பால் நொடியில் கருகி, எந்தத் தேய்ப்புக்கும் போகாத கறையாகிவிடும். ஆகவே பால் பாத்திரத்தை விளிம்புள்ள அகன்ற தட்டத்துக்குள் வைத்துத் தாங்கியில் ஏற்றுங்கள். கொதி வர வழக்கத்தை விடச் சற்று நேரமாகும், வழிய வேண்டியது தட்டத்துக்குள் வழியட்டும்.